பசுமைக் கட்டுமானம் படித்தால் பேராசிரியர் ஆகலாமா? – வாசகர் கேள்வி பதில்

சுற்றுச்சூழலைக் கெடுக்காத கட்டுமானம், அதில் ஆய்வு, அதை வைத்துக் கல்லூரி ஆசிரியர் வேலை ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டோம்.

கேள்வி: பி.இ. சிவில் கடைசி வருஷம் படிக்கிறேன். பசுமைக் கட்டுமானத்தில் ஆய்வு செய்து கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்று ஆசை. 'சஸ்டெயினபிள்' என்று பெயரிலேயே வரும் எம்.டெக். படிப்பில் சேரலாமா, பேசாமல் ஸ்ட்ரக்சுரல் எடுத்துவிடலாமா? – ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் பார்ப்பது, உங்கள் முதுகலைப் பட்டம் சிவில் துறைக்கு உரிய பிரிவுதானா என்பதை. ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) இதற்கென்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. ஸ்ட்ரக்சுரல், என்விரான்மென்டல், ஜியோடெக்னிக்கல், டிரான்ஸ்போர்டேஷன், கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் போன்ற பழைய பெயர்களில் சிக்கல் வராது. புதுப் பெயர் என்றால், பட்டியலில் இருக்கிறதா, தமிழ்நாடு அரசுப் பணிக்கு இணைத்தன்மை அரசாணை (அந்தப் பட்டம் பழைய பட்டத்துக்குச் சமம் என்னும் ஆணை) இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இதைத் தேட ஆரம்பித்தால் காலம் போதாது.

பிரிவைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி போதும்: நீங்கள் எதை அளக்கப் போகிறீர்கள்? சிமென்ட், கான்கிரீட்டின் ஆயுள் என்றால் கட்டுமானப் பொருள்கள் ஆய்வகம் உள்ள இடம் வேண்டும். சென்னை ஐஐடியில் அது பில்டிங் டெக்னாலஜி அண்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் பிரிவு. மண் கட்டிகள், மாற்றுக் கட்டுமான முறைகள் என்றால் பெங்களூரு ஐஐஎஸ்சியின் சஸ்டெயினபிள் டெக்னாலஜீஸ் மையம். 1974இல் 'அஸ்த்ரா' என்ற பெயரில் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி அது. தண்ணீர் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம். கட்டடம் மட்டுமே சிவில் அல்ல. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும், தலா 45 எம்.எல்.டி. (நாளுக்கு 4.5 கோடி லிட்டர்) திறனுள்ள இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஆய்வுக் கேள்விகள் நிறைய. ஆனால் கான்கிரீட் பக்கம் இருக்கும் கூட்டம் அங்கே இல்லை.

எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். சிவில் தாளோடு என்விரான்மென்டல் அல்லது ஜியோமேட்டிக்ஸ் தாளையும் சேர்த்து எழுத வழி இருக்கிறது. அந்த ஆண்டு அறிவிப்பில் எந்த இரண்டு தாள்கள் சேரும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கேட் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஐஐடி, என்ஐடிகளில் முழுநேர பிஎச்.டி.க்கு முதல் இரண்டு ஆண்டு 37,000, பிறகு 42,000. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதம் இருந்தால் எம்.டெக். இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தனியார் கல்லூரியில் ஆசிரியராவதும் உங்கள் திட்டத்தில் இருந்தால், எம்.டெக்.கைத் தவிர்த்துவிடாதீர்கள், பிஎச்.டி. பாதியில் நின்றுபோனால் கையில் எதுவும் இருக்காது.

கேள்வி: எம்.இ. முடித்து ஐந்து ஆண்டாகத் தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பிஎச்.டி. இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்? வேலையை விடாமல் பிஎச்.டி. செய்ய முடியுமா? – வாசகர், நாமக்கல்

பதில்: இப்போது இருக்கும் படியிலேயே நிற்கலாம், அவ்வளவுதான். ஏஐசிடிஇயின் 2019 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும், இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு. இணைப் பேராசிரியராக பிஎச்.டி., தகுதியான ஆய்விதழ்களில் ஆறு கட்டுரை, எட்டு ஆண்டு அனுபவம். அந்த எட்டில் இரண்டு ஆண்டாவது பிஎச்.டி.க்குப் பிறகு. பேராசிரியருக்குப் பத்து ஆண்டு அனுபவம், அதில் மூன்று ஆண்டு இணைப் பேராசிரியர் நிலையில். அந்த நிலையில் ஆறு கட்டுரையும் இரண்டு மாணவருக்கு பிஎச்.டி. வழிகாட்டியதும் வேண்டும், இல்லாவிட்டால் பத்து கட்டுரை. விதிப்படி தொடக்கச் சம்பளம் 57,700, 1,31,400, 1,44,200 என்று ஏறும். தனியார் கல்லூரிகளில் இந்த எண்கள் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருக்கின்றன என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர். உங்கள் துறையில் ஆண்டுக்கு 60 இடம் என்றால் நான்கு ஆண்டுக்கு 240 பேர், 12 ஆசிரியர். 1:2:6 என்ற விகிதத்தில் பிரித்தால் ஒரு பேராசிரியர், மூன்று இணை, எட்டு உதவி. நிர்வாகம் சிவிலை 30 இடமாகக் குறைத்துக் கணினிப் பிரிவைக் கூட்டினால் ஆறு பேர் போதும். ஆகவே உங்கள் துறையின் அனுமதி எண்ணிக்கை எந்தப் பக்கம் போகிறது என்பதை ஆண்டுதோறும் பாருங்கள். உங்கள் வேலையின் ஆயுள் அதில் இருக்கிறது.

வேலையில் இருந்துகொண்டே பகுதிநேர பிஎச்.டி. செய்யலாம், கல்லூரியின் தடையில்லாச் சான்று வேண்டும். அதில் ஆய்வுக்கான நேரம் ஒதுக்கப்படும் என்று எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. ஏஐசிடிஇயின் கியூஐபி திட்டத்தில் சம்பளத்துடன் விடுப்பில் ஐஐடி போன்ற இடங்களுக்குப் போய்ப் படிக்கலாம். ஆனால் கல்லூரி அனுப்ப ஒப்புக்கொள்ள வேண்டும். அஞ்சல்வழி எம்.டெக். வேண்டவே வேண்டாம். அதை வைத்து எங்கேயும் ஏற முடியாது.

கேட்காத இரண்டு விஷயம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை கிடையாது. பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கல்லூரியைச் சோதிக்க அதிகாரிகள் குழு வரும் நாளுக்கு மட்டும் இன்னொரு கல்லூரியில் உங்கள் பெயரைக் காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் பணிபுரிவதாகக் காட்டப்பட்ட விவகாரம் 2024இல் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் வெளிவந்தபோது, பெயரைக் கொடுத்த ஆசிரியர்களும் தப்பவில்லை.

கேள்வி: பிஎச்.டி. முதல் ஆண்டு. தலைப்பு: மறுசுழற்சி ஜல்லியும் ஃப்ளை ஆஷும் (அனல்மின் நிலையச் சாம்பல்) சேர்த்த கான்கிரீட். 20 கலவை போட்டு 7 நாள், 28 நாள் வலிமை எடுக்கலாம் என்கிறார் கைடு. இது போதுமா? – ஆய்வு மாணவர், கோவை

பதில்: போதாது. 20 கலவையும் தேவையில்லை. ஜல்லியின் சதவீதத்தை 0, 10, 20, 30 என்று ஏற்றி, கான்கிரீட் க்யூபை உடைத்து வலிமை பார்த்த கட்டுரைகள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. கட்டடங்களை இடிப்பவருக்கும் கட்டுபவருக்கும் உதவும் கேள்வி வேறு. ஜல்லிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383:2016 மறுசுழற்சிக் கான்கிரீட் ஜல்லியைச் சாதாரணக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையிலும், கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையிலும் (அதுவும் எம்25 தரம் வரை மட்டும்) அனுமதிக்கிறது. சிமென்ட் குறைந்த லீன் கான்கிரீட்டுக்கு மட்டும் 100. ஏன் 20இல் நிறுத்தினார்கள்? ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் தரம் மாறுகிறது, பழைய சாந்து ஒட்டியிருக்கிறது, நீரை உறிஞ்சுகிறது, கம்பி துருப்பிடிப்பது பற்றி நீண்ட காலத் தரவு குறைவு. இதில் ஒன்றைப் பிடியுங்கள். "வெவ்வேறு இடிபாட்டிலிருந்து வரும் ஜல்லியின் மாறுபாட்டை எந்த எளிய சோதனையால் முன்கூட்டியே கணிக்கலாம்?" என்பது மூன்று ஆண்டு உழைக்கத் தகுதியான கேள்வி. கலவை ஆறு போதும்.

இப்போது அளவுக் கணக்கு. ஒரு கலவைக்கு 150 மி.மீ. க்யூப் 12 (7, 28, 90, 365 நாள், தலா மூன்று), 100 × 200 மி.மீ. சிலிண்டர் 6, கார்பனேஷனுக்கு (காற்றின் கார்பன்-டை-ஆக்ஸைடு கான்கிரீட்டுக்குள் புகுந்து காரத்தன்மையைக் குறைப்பது) 100 × 100 × 500 மி.மீ. பிரிசம் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் சுமார் 65 லிட்டர். ஸ்லம்ப் சோதனை (கலவையின் இளக்கத்தைப் பார்ப்பது), சேதாரம் சேர்த்தால் 75 லிட்டர். கன மீட்டருக்கு 380 கிலோ பைண்டர் (சிமென்ட்டும் ஃப்ளை ஆஷும்), 1,100 கிலோ ஜல்லி என்றால் ஒரு கலவைக்கு 28 கிலோ பைண்டர், 82 கிலோ ஜல்லி. ஆறு கலவைக்கு 170 கிலோ பைண்டர், அரை டன் ஜல்லி. சோதனைக் கலவைகளுக்கும் ஏறக்குறைய அவ்வளவே ஆகும். ஆகவே ஒரே வாரத் தேதியிட்ட சிமென்ட் எட்டு மூட்டை ஒரேயடியாக வாங்கி, இரட்டை பாலித்தீன் உறையில் காற்றுப் புகாத டிரம்களில் போட்டு, மூன்று மாதத்துக்குள் வார்த்து முடித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு லாட் சிமென்ட்டில் வார்த்த நான்காவது கலவையை முதல் கலவையோடு ஒப்பிட முடியாது.

பெரும்பாலான ஆய்வக மிக்சர்கள் 40 முதல் 60 லிட்டர்தான் கொள்ளும். அதனால் 75 லிட்டரை இரண்டு நடையாகப் போட வேண்டிவரும். முதல் நடையில் எல்லா க்யூபையும், இரண்டாவதில் எல்லாச் சிலிண்டரையும் வார்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அப்படிச் செய்தால் வலிமையும் ஊடுருவலும் இரண்டு வெவ்வேறு கான்கிரீட்டுடையவை ஆகிவிடும். ஒவ்வொரு நடையிலிருந்தும் ஒவ்வொரு வகையிலும் பாதி எடுங்கள். நடையின் எண்ணை மாதிரியிலேயே எழுதுங்கள்.

அடுத்தது தண்ணீர். நல்ல கருங்கல் ஜல்லி ஒரு சதவீதத்துக்குள்தான் உறிஞ்சும். மறுசுழற்சி ஜல்லி 4 முதல் 8 சதவீதம் வரை சாதாரணமாக உறிஞ்சும். ஜல்லியில் பாதியை மாற்றினால் 550 கிலோ. ஐந்து சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 27 லிட்டர் தண்ணீரை ஜல்லியே குடித்துவிடும். கணக்கில் சேர்க்காவிட்டால் பத்து நிமிஷத்தில் ஸ்லம்ப் செத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் நீர்-சிமென்ட் விகிதம் ஏறி வலிமை விழும். பழி ஜல்லி மேல் விழும். ஜல்லியை 24 மணி நேரம் ஊறவைத்து, மேற்பரப்பு மட்டும் உலர்ந்த நிலைக்குக் கொண்டுவந்து பயன்படுத்துங்கள். இல்லையென்றால் மிக்சரிலேயே தண்ணீரில் ஒரு பங்கை ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். துணியால் துடைத்து 'உலர்ந்தது' என்று முடிவு செய்வதில் ஆளுக்கு ஆள் வேறுபடும்; மூன்று ஆண்டும் அதை ஒருவரே செய்யட்டும். கட்டுரையில் நீர்-சிமென்ட் விகிதம் மொத்த நீருக்கா, ஜல்லி உறிஞ்சியது போக மீதமுள்ள செயல்படும் நீருக்கா என்று எழுதாவிட்டால் மதிப்பாய்வாளர் முதல் பக்கத்திலேயே கேட்பார்.

ஆயுள் சோதனைக்கு ஆர்சிபிடி (குளோரைடு ஊடுருவலை மின்சாரம் வைத்து மதிப்பிடும் சோதனை) மட்டும் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். 60 வோல்ட்டில் ஆறு மணி நேரம் ஓடும் மின்னூட்டத்தைத்தான் அது அளக்கிறது; குளோரைடை நேராக அளப்பதில்லை. ஃப்ளை ஆஷ் சேர்ந்தால் துளை நீரின் மின்கடத்தும் திறனே குறையும். அதனால் எண் இறங்குவதில் எவ்வளவு துளை அடைபட்டதால், எவ்வளவு துளை நீர் மாறியதால் என்று பிரிக்க முடியாது. என்டி பில்ட் 492 முறையில் குளோரைடு நகர்வையும் எடுங்கள். கார்பனேஷனுக்கு 3 அல்லது 4 சதவீத கார்பன்-டை-ஆக்ஸைடு அறையில் வைக்கும்போதே, அதே பிரிசங்களில் சிலவற்றை மழை படாத மொட்டை மாடி ஓரத்தில் முதல் மாதமே வைத்துவிடுங்கள். செலவு எதுவும் இல்லை. வைவாவுக்குள் இரண்டு ஆண்டு இயற்கைத் தரவு கையில் இருக்கும். எக்ஸ்ஆர்டி, டிஜிஏ (உள்ளே என்னென்ன சேர்மங்கள் என்று காட்டும் சோதனைகள்) ஆகியவற்றுக்கு வெளியே அனுப்பும் மாதிரிகளில் நீரேற்றத்தை (சிமென்ட் நீரோடு வினைபுரிவதை) ஐசோபுரோபனால் கொண்டு நிறுத்திவிட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் '28 நாள்' மாதிரி வரிசையில் காத்திருந்து 60 நாள் மாதிரியாகிவிடும்.

365 நாள் முடிவு வேண்டுமென்றால் முதல் ஆண்டு முடிவதற்குள் வார்த்தாக வேண்டும். படிப்புப் பாடங்களை முடித்துவிட்டு ஆய்வகம் போகலாம் என்று இருப்பவர்களுக்கு பிஎச்.டி. ஐந்து ஆண்டு இழுப்பது இப்படித்தான்.

கேள்வி: ஆய்வில் கார்பன் கணக்கு ஓர் அத்தியாயம் சேர்க்கச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது? – ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: மென்பொருளிலிருந்து தொடங்காதீர்கள், எல்லையிலிருந்து தொடங்குங்கள். ஐ.எஸ்.ஓ. 14040, 14044 முறைப்படி எதை, எதற்காக, எது வரை கணக்கிடுகிறீர்கள் என்பதை முதலில் எழுத வேண்டும். 'ஒரு கன மீட்டர் கான்கிரீட்' என்பது பெரும்பாலும் தவறான அலகு. வலிமையும் ஆயுளும் வேறான இரண்டு கான்கிரீட்டைக் கன மீட்டரில் ஒப்பிட்டால் மட்டமானதுதான் ஜெயிக்கும். ஒரே தூண் ஒரே பாரத்தை ஒரே காலத்துக்குத் தாங்க எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

ஒரு சிறு கணக்கு. லாரியில் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 0.1 கிலோ கார்பன்-டை-ஆக்ஸைடு, குவாரி ஜல்லி உடைக்க டன்னுக்கு 5 கிலோ, சிமென்ட்டுக்கு டன்னுக்கு 850 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 700 கிலோமீட்டர் தாண்டியிருக்கும் உருக்காலையிலிருந்து, சிமென்ட்டில் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கும் ஸ்லாக் (உருக்கும்போது வரும் கசடு) வந்தால் போக்குவரத்துக்கு 70 கிலோ. அரைக்கும் செலவு சேர்ந்தாலும் 850ஐ நெருங்காது, ஆகவே லாபம்தான். மறுசுழற்சி ஜல்லியில் கதை வேறு. கன மீட்டரில் 550 கிலோவை மாற்றினால், அதிகபட்சமாகச் சேமிப்பது 2.75 கிலோ. வலிமை குறைகிறதென்று 20 கிலோ சிமென்ட் கூடுதலாகப் போட்டீர்களா, 17 கிலோ ஏறிவிட்டது. குவாரியைவிட மறுசுழற்சி நிலையம் 50 கிலோமீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால் அந்த 2.75உம் லாரியிலேயே போயிற்று. மறுசுழற்சி ஜல்லி குவாரியையும் குப்பைமேட்டையும் மிச்சப்படுத்துகிறது; அதற்காகவே அது தேவை. 'கார்பனை வெகுவாகக் குறைக்கிறது' என்று எழுதும் கட்டுரைகளில் பல இந்தக் கூட்டல் கழித்தலைக்கூடப் போடாதவை.

அடுத்த தப்பு, ஐரோப்பியத் தரவுத்தளத்தின் மின்சாரத்தை அப்படியே எடுப்பது. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்த எண்ணை வெளியிடுகிறது. ஐரோப்பாவில் சராசரி இதில் பாதிகூட வராது. ஓப்பன்எல்சிஏ மென்பொருள் இலவசம், ஈகோஇன்வென்ட் போன்ற தரவுத்தளத்துக்குக் காசு. உங்கள் நிறுவனத்தில் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் இல்லாவிட்டால், இந்த அளவு அத்தியாயத்துக்கு எக்செல் போதும். உங்கள் ஆலை, உங்கள் லாரித் தூரம், உங்கள் மின் எண் என்று போட்ட எக்செல் தாள், இரவல் தரவோடு வரும் வண்ணப்படங்களைவிட மேல்.

கேள்வி: எந்த ஆய்வுப் பொருளுக்கு எதிர்காலம் அதிகம்? – பலர்

பதில்: தரநிலை வந்துவிட்ட, ஆனால் களத்தில் இன்னும் பழகாத பொருள்களுக்கு. எல்.சி.3 சிமென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிளிங்கர் (சூளையில் சுட்டெடுக்கும், சிமென்ட்டின் முக்கியப் பொருள்) 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 சதவீதம் என்பது அதன் வழக்கமான கலவை. சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல், கியூபாவின் லாஸ் வில்லாஸ் பல்கலைக்கழகம், டெல்லி, சென்னை ஐஐடிகள் சேர்ந்து வளர்த்தது. கிளிங்கருக்கு 1,450 டிகிரி வேண்டும். களிமண்ணுக்கு 700 முதல் 850 போதும். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அதிலிருந்தே வெளியேறும் கார்பன்-டை-ஆக்ஸைடும் குறைகிறது. இந்தியாவில் ஐ.எஸ். 18189 என்று 2023இல் தரநிலை வந்துவிட்டது. இனி, "வலிமை வருகிறதா?" என்பது கேள்வியே அல்ல. களிமண்ணின் நுண்துகளால் அட்மிக்சர் (கலவையை இளக்கும் ரசாயனம்) அதிகம் கேட்கிறது, போர்ட்லாண்டைட் (கான்கிரீட்டின் காரத்தன்மையைக் காக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு) குறைவதால் கார்பனேஷன் வேகமாகிறது, க்யூரிங் குறைந்தால் எவ்வளவு பாதிக்கிறது, நம்மூர்க் களிமண்ணில் கயோலினைட் (சுட்டால் வினைபுரியும் கனிமம்) எவ்வளவு என்பவைதான் மீதம் இருக்கும் வேலை.

கேள்வி: 25,000 ரூபாய் கொடுத்தால் ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் சர்வதேசத் தரவுத்தளம்) கட்டுரையில் இரண்டாவது ஆசிரியராகப் பெயர் போடுவதாக வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. போட்டுக்கொள்ளலாமா? – வாசகர், சேலம்

பதில்: கூடாது. அது மோசடி, கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் உங்கள் பெயரோடு அந்த அறிவிப்பு இணையத்தில் நிரந்தரமாக நிற்கும். காசில்லாமல் அனுப்பும் இதழ்களிலும் கவனம் தேவை. ஸ்கோபஸ் பட்டியலில் இதழின் பெயர் இருப்பது மட்டும் போதாது. எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டிருக்கிறது, நீக்கப்பட்டுவிட்டதா என்று பாருங்கள். உண்மையான இதழின் பெயரிலேயே போலித் தளங்கள் நடக்கின்றன. யுஜிசி ஏற்ற இதழ்களின் பட்டியலான யுஜிசி-கேர் 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. இன்னமும் 'கேர் அங்கீகாரம்' என்று விளம்பரம் செய்தால் விலகிவிடுங்கள். யுஜிசியின் 2022 விதிகள் ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரையைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கலாம், அதன் விதியே உங்களுக்குச் செல்லும்.

கேள்வி: ஐஐடி, என்ஐடியில் ஆசிரியராக வெளிநாட்டு போஸ்ட்-டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) கட்டாயமா? தேர்வில் எதைப் பார்க்கிறார்கள்? – ஆய்வாளர், சென்னை

பதில்: விதியில் கட்டாயம் இல்லை, நடைமுறையில் பெரும்பாலானவர்களிடம் இருக்கிறது. ஐஐடியில் உதவிப் பேராசிரியர் கிரேடு ஒன்றுக்கு (தொடக்கச் சம்பளம் 1,01,500) பிஎச்.டி.க்குப் பின் மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அதற்குக் குறைந்தால் கிரேடு இரண்டில் ஒப்பந்த அடிப்படையில் எடுப்பதுண்டு. முந்தைய பட்டங்களில் முதல் வகுப்பு வேண்டும். வயது ஆண்களுக்கு 35, பெண்களுக்கு 38 என்று பல விளம்பரங்களில் வரும். என்ஐடிகளில் கட்டுரை, திட்டம், வழிகாட்டல் என்று புள்ளி முறை உண்டு. பொதுவாகக் கட்டுரைக்கான புள்ளியில் முதல் ஆசிரியருக்கே பெரும்பங்கு. எட்டாவது பெயராக வந்த பத்துக் கட்டுரையால் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது.

தேர்வுக் குழு தேடுவது கைடின் நிழல் இல்லாத ஓர் ஆய்வுத் திட்டத்தை. "நான் சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களில் ஆய்வு செய்வேன்" என்பது திட்டம் அல்ல. முதல் மூன்று ஆண்டில் எந்தக் கேள்வி, எந்தக் கருவி ஏற்கெனவே துறையில் இருக்கிறது, எதை வாங்க வேண்டும், தோராய விலை, எந்த நிறுவனத்திடம் பணம் கேட்பீர்கள் (மத்திய அரசின் ஆய்வு நிதிக்கு, செர்ப் இருந்த இடத்தில் இப்போது ஏஎன்ஆர்எஃப்) என்று இரண்டு மூன்று பக்கத்தில் எழுதுங்கள். கற்பிக்கும் திட்டத்தில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸோ சர்வேயோ ஓர் அடிப்படைப் பாடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறப்புப் பாடம் மட்டுமே எடுப்பேன் என்பவரை எந்தத் துறைத்தலைவரும் விரும்புவதில்லை.

வெளிநாடு போக ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்-டாக் நல்ல வாய்ப்பு. பிஎச்.டி.க்குப் பின் எட்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் முடியும், ஆனால் உங்களை ஏற்கும் பேராசிரியரைப் பிடிக்கும் வேலை மார்ச் மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

கேள்வி: கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். விரிவுரையாளர் ஆவதற்கு வழி என்ன? – மாணவர், கிளிநொச்சி

பதில்: இலங்கையில் வகுப்புத் தரம்தான் முதல் வாசல். முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ எடுத்தவர்கள் தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் தற்காலிகப் போதனைப் பணி கிடைத்தால் விடாதீர்கள். பதவி உறுதியாக, குறித்த காலத்துக்குள் ஆய்வோடு கூடிய பட்டமேற்படிப்பை முடிக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு விடுப்பு எடுத்தால் திரும்பி வந்து பணியாற்றும் பிணையில் கையெழுத்து வாங்குவார்கள். எத்தனை ஆண்டு, மீறினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை முழுதாக வாசித்துவிட்டுப் போடுங்கள். தமிழ்நாட்டில் படிக்க விரும்பினால் இந்திய அரசின் ஐசிசிஆர் உதவித்தொகை இருக்கிறது. இந்தியா, இலங்கை இரண்டும் 2014இல், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினராயின. ஆனால் அங்கீகாரம் பாடநெறிக்கும் ஆண்டுக்கும் உரியது. உங்கள் தொகுதி (பேட்ச்) அதில் அடங்குகிறதா என்று பீடத்தில் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: நெடுஞ்சாலைப் பணியில் 18 ஆண்டு அனுபவம். பிஎச்.டி. இல்லை. கல்லூரியில் பாடம் நடத்த முடியுமா? – பொறியாளர், விழுப்புரம்

பதில்: முடியும். யுஜிசி 2022இல் 'ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ்' என்று ஒரு வழி திறந்தது. 15 ஆண்டு அனுபவம், பெரும்பாலும் மூத்த நிலையில், பிஎச்.டி. தேவையில்லை. மொத்தப் பணியிடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது; மூன்று ஆண்டு, விதிவிலக்காக ஒன்று கூடுதல். நிரந்தர வேலை அல்ல என்பதால், ராஜினாமா செய்துவிட்டுப் போக வேண்டாம். பணியில் இருந்துகொண்டே பிஎச்.டி. பதிவு செய்ய விரும்பினால் சென்னை ஐஐடி போன்ற இடங்களில் வெளிப்பதிவு முறை உண்டு. உங்கள் கையில் இருக்கும் பத்து ஆண்டுச் சாலைப் பராமரிப்புப் பதிவேடு ஆய்வு மாணவர்களுக்குக் கிடைக்காத தரவு. துறை அனுமதி வாங்கிவிட்டு அதைத் தொடுங்கள்.

கேள்வி: குழந்தை பிறந்த பிறகு ஆறு ஆண்டு இடைவெளி. எம்.இ. என்விரான்மென்டல் முடித்திருக்கிறேன். ஆய்வுக்குத் திரும்ப வழி உண்டா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-பிஎச்.டி., அதற்கடுத்து வைஸ்-பிடிஎஃப் திட்டங்களைப் பாருங்கள். இடைவெளி விட்ட பெண்களையும் மனதில் வைத்து வந்தவை. பிஎச்.டி.யின் ஆறு ஆண்டு வரம்பில் பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு வரை நீட்டிப்பு உண்டு. கேட் மதிப்பெண் காலாவதி ஆகியிருக்கும்; மறுபடி எழுதுவதே சுருக்கு வழி.

கேள்வி: எங்கள் கல்லூரியில் சோதனை எந்திரமும் ஓர் ஓவனும்தான் இருக்கின்றன. பெரிய கருவி இல்லாமல் ஆய்வு சாத்தியமா? – உதவிப் பேராசிரியர், விருதுநகர்

பதில்: சாத்தியம்தான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் செய்த பிளாஸ்டிக் சாலை வேலைக்குப் பெரிய கருவி தேவைப்படவில்லை. 160 டிகிரிக்கு மேல் சூடான ஜல்லியில் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி மேலே பூசிக்கொள்ளும். அதற்குப் பிறகு தார். அந்த உலர்முறையை இந்திய சாலைக் காங்கிரஸ் 2013இல் எஸ்.பி. 98 வழிகாட்டியாக ஏற்றது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ. பிளாஸ்டிக்கின் அளவு தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம். பிவிசி கலந்துவிட்டால் சூட்டில் நச்சு வாயு வரும். பிரித்தெடுப்பதில்தான் களத்தில் தவறு நடக்கிறது.

உங்கள் ஓவன், தராசு, ஸ்டாப்வாட்ச் வைத்து ஏஎஸ்டிஎம் சி1585 முறையில் சார்ப்டிவிட்டி (கான்கிரீட் நீரை உறிஞ்சும் வேகம்) எடுக்கலாம். 100 மி.மீ. விட்டம், 50 மி.மீ. தடிமன் வட்டை 50 டிகிரியில் மூன்று நாள் பக்குவப்படுத்தி, மூடிய பெட்டியில் 15 நாளாவது வைத்து, பக்கங்களை அடைத்து, அடியை 1 முதல் 3 மி.மீ. நீரில் நிறுத்தி, குறித்த நேரங்களில் எடை எடுக்க வேண்டும். அந்த 15 நாளைச் சுருக்கினால் உள்ளே ஈரம் சமமாகப் பரவாது, எண் சிதறிவிடும். 0.01 கிராம் தராசு இதற்குப் போதும். எக்ஸ்ஆர்டி, எஸ்இஎம் தேவைப்படும் மாதிரிகளுக்கு ஐ-ஸ்டெம் தளத்தில் அருகில் எங்கே கருவி இருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்று பார்த்து முன்பதிவு செய்யுங்கள். இறுதியாண்டு மாணவர் புராஜெக்ட்டுகளுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றம் ஆண்டுதோறும் சிறு நிதி தருகிறது. அந்தப் பணத்தில் கெமிக்கலும் வெளிச்சோதனைக் கட்டணமும் அடங்கும்படி விண்ணப்பத்தை எழுதுங்கள். போக்குவரத்து, பைண்டிங் என்று கேட்டு வீணாக்காதீர்கள்.